தோல் சாட்டையில் கோளாறா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கலாம்

சாட்டையில் ஏதோ சரியில்லை என்று தோன்றியதும் பெரும்பாலானவர்கள் முதலில் தேடுவது எண்ணெய் டப்பாவை. நானும் அப்படித்தான் தேடினேன். என்னிடம் இருக்கும் 11 சாட்டைகளில் 2 அப்படி எண்ணெய் குடித்தே கெட்டுப்போனவை. இரண்டிலும் உண்மையான கோளாறு நுனியில் கட்டியிருந்த தேய்ந்த நூலில் இருந்தது. ஐந்து நிமிட வேலை. அது தெரியாமல் நல்ல பின்னலைப் பாழாக்கினேன்.

அதன்பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எந்தக் கோளாறு என்றாலும் நுனியில் தொடங்கிக் கைப்பிடியை நோக்கிப் பார்த்துக்கொண்டு வருவது. சாட்டை அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. நுனியில் இருக்கும் நூல் குஞ்சம் தேய்வதற்கென்றே இருக்கிறது. அதற்கு மேல் இருக்கும் ஒற்றைத் தோல் பட்டை, அதாவது நுனிவார், கொஞ்சம் மெதுவாகத் தேயும், அதையும் மாற்றலாம். அதற்கு மேலே பின்னிய உடல். அது பல பத்து வருடங்கள் உழைக்க வேண்டியது. உடலுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் உள்பின்னலும் அதைச் சுற்றிய தோல் உறையும் கெட்டால் சாட்டையையே திரும்பக் கட்ட வேண்டியதுதான். அதனால் மலிவாக மாற்றக்கூடியதை முதலில் சந்தேகப்படுங்கள்.

கீழே சொல்வது புல்விப் (கைப்பிடியும் உடலும் ஒன்றாகப் பின்னியது), ஸ்டாக்விப் (தனிக் கைப்பிடியில் உடலைக் கோத்தது), ஸ்நேக்விப் (விறைப்பான கைப்பிடி இல்லாமல் முழுதும் வளைவது) மூன்றுக்கும் பொருந்தும். ஒரு வகைக்கு மட்டும் உரியது என்றால் அங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சொடுக்கினால் சத்தம் வரவில்லை, அல்லது மந்தமாக வருகிறது

முதலில் குஞ்சத்தைப் பாருங்கள். புதிய குஞ்சத்தின் முனையில் நூல் கொஞ்சம் பிரிந்து மெல்லிய தூரிகை போல இருக்கும். தேய்ந்த குஞ்சம் முடிச்சு வரை கரைந்து குட்டையாகவோ பஞ்சு உருண்டை போலவோ ஆகியிருக்கும். இரண்டு நிலையிலும் சத்தம் செத்துவிடும். முடிச்சுக்குக் கீழே அரை அங்குலம்கூட நூல் இல்லை என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள். முன்பு குதிரைமுடியிலும் பட்டிலும் குஞ்சம் முறுக்கினார்கள். இப்போது நைலான், பாலியெஸ்டர் நூல்தான் அதிகம். மெல்லிய நூல் கூர்மையான சத்தம் தரும், தடித்தது கனமான சத்தம் தரும். 6 முதல் 8 அங்குலம் போதும். குஞ்சத்தின் காதுக்குள் நுனிவாரின் முனையை நுழைத்து, காதின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, வாரின் அடியிலேயே செருகி இறுக்கினால் கழன்று வராது. சத்தம் கூடட்டும் என்று கம்பி, ஈயக்குண்டு, கூடுதல் முடிச்சு எதையும் நுனியில் சேர்க்காதீர்கள். அதனால் சத்தம் அதிகமாகாது. அது பறந்து வந்து யார் கண்ணையாவது கெடுக்கும்.

குஞ்சம் நன்றாக இருந்தும் சத்தம் இல்லையா? நுனிவாரின் நீளத்தை அளந்து பாருங்கள். 8, 10 அடி புல்விப்புக்கு இரண்டு, இரண்டரை அடி வார் சரியாக இருக்கும். அதைவிட நீளமாக இருந்தால் வேகம் வாரிலேயே தொலைந்துவிடும். முனை உடையும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி வெட்டி ஒன்றரை அடிக்கும் கீழே வந்துவிட்டது என்றால் சத்தம் வரும், ஆனால் அடி நேராக உடலின் முனையில் விழும். நுனிவார் குட்டையான சாட்டையைத் தொடர்ந்து சொடுக்குவதுதான் உடலின் கடைசி நான்கு புரிகளை அறுக்கும்.

இரண்டும் சரி என்றால் கோளாறு உங்கள் கையில் இருக்கலாம். இதைச் சொல்ல வேண்டியிருப்பது, பலர் நல்ல சாட்டையை மோசமான சாட்டை என்று விற்றுவிடுவதால். சாட்டையின் சத்தம் அடியால் வருவதில்லை. கைப்பிடியின் பக்கம் தொடங்கும் ஒரு வளையம் மெலிந்துகொண்டே போகும் உடல் நெடுக உருண்டு ஓடுகிறது. எடை குறையக் குறைய அதன் வேகம் கூடுகிறது. நுனி ஒலியின் வேகத்தை, அதாவது நொடிக்குச் சுமார் 340 மீட்டரைத் தாண்டுவதை 1958-இல் அதிவேகப் புகைப்படங்களை வைத்து ஆராய்ந்து எழுதினார்கள். 2002-இல் அலைன் கோரியலி, டைலர் மேக்மில்லன் என்ற இருவர் கணக்குப் போட்டு, வெடிப்பொலியை எழுப்புவது ஓடிவரும் அந்த வளையமே என்று காட்டினார்கள். எனக்கு இந்தச் செய்தி தெரிந்த நாளில்தான் சொடுக்கும் முறையே மாறியது. வளையம் முழுதாக ஓடி முடியும்வரை விட வேண்டும். நடுவில் கையைப் பின்னால் இழுத்தால் வளையம் செத்துவிடும். வலு தேவையில்லை. மெதுவாக முன்னால் செலுத்தி, கடைசியில் கையை நிறுத்தினாலே போதும்.

இதைப் பழகும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கை சட்டை, தொப்பி மூன்றும் வேண்டும். நீண்ட நேரம் சொடுக்கினால் காதடைப்பானும் வேண்டும். சாட்டையின் நீளத்தோடு நுனிவாரையும் கையையும் கூட்டி, அந்தத் தூரத்துக்குச் சுற்றிலும் யாரும் இருக்கக் கூடாது. முதுகுப் பக்கத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

சாட்டை திரும்பி வந்து என் மேலேயே படுகிறது, முறுக்கிக்கொள்கிறது

கையால் பின்னிய சாட்டை எதற்கும் ஒரு இயல்பான வளைவு உண்டு. கைப்பிடியைக் கிடைமட்டமாகப் பிடித்து உடலைத் தொங்க விடுங்கள். கைப்பிடியை விரல்களுக்குள் மெதுவாக உருட்டுங்கள். ஒரு நிலையில் உடல் இயல்பாக வளைந்து தொங்கும், அதற்கு நேர் எதிர் நிலையில் முரண்டு பிடித்து ஒரு பக்கமாகச் சாயும். வளைவோடு போகும் நிலைதான் சொடுக்க வேண்டிய நிலை. கைப்பிடியில் மேல்பக்கம் எது என்று தெரிய மெல்லிய நூலைச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அதே பக்கம் மேலே இருக்கும்படி பிடியுங்கள். சுருட்டி வைக்கும்போதும் அந்த வளைவின் போக்கிலேயே சுருட்ட வேண்டும். எதிர்த்திசையில் சுருட்டி ஒரு மழைக்காலம் வைத்துவிட்டால் சாட்டைக்கு இரண்டு மனம் வந்துவிடும். பிறகு அதைப் பழக்குவது கஷ்டம்.

புதிய சாட்டை விறைப்பாக இருப்பதும் இந்தத் தொல்லையைத் தரும். அது கோளாறே இல்லை. முதல் சில நாள்கள் வேகமில்லாத சொடுக்குகளாக, நாளுக்கு 30, 40 என்று போடுங்கள். கைப்பிடியும் உடலும் சேரும் இடத்தைக் கையால் மடக்கி மடக்கிப் பழக்க நினைக்காதீர்கள். அங்கே தோல் தானாக இளக வேண்டும்.

ஒரே இடத்தில் கதவுக் கீல் போல மடிகிறது

நான் மிகவும் அஞ்சும் அறிகுறி இது. சாட்டையை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு சாண் ஒரு சாணாக நகர்த்தி, மெதுவாக வளைத்துப் பாருங்கள். நல்ல உடல் கைப்பிடியிலிருந்து நுனிவரை படிப்படியாக இளகிக்கொண்டே போகும். எங்கேயாவது திடீரென்று தளர்ந்து, அடுத்த சாணில் மறுபடி விறைப்பானால், உள்ளே ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் காரணமும் புரியும். நல்ல சாட்டையில் நடுவில் ஒரு மெல்லிய தோல் இழை, அதன்மேல் நான்கு அல்லது ஆறு புரியில் ஒரு உள்பின்னல், அதன்மேல் சுற்றிய தோல் உறை, அதன்மேல் இன்னொரு பின்னலும் இன்னொரு உறையும், கடைசியாக வெளியே நமக்குத் தெரியும் 12 அல்லது 16 புரிப் பின்னல். ஒவ்வொரு அடுக்கும் வெவ்வேறு நீளத்தில் முடியும். அந்த முடிவுகள் ஒரே இடத்தில் சேர்ந்து விழுந்தால் அங்கே கீல் உண்டாகும். அது கட்டும்போதே நேர்ந்த பிழை. புதிதாக வந்த சாட்டையில் இது தெரிந்தால் செய்தவரிடம் திருப்பிக் கொடுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

முன்பு நன்றாக இருந்த சாட்டையில் பிறகு வந்தால் காரணம் வேறு. ஆணியில் மாட்டியதால் வந்த மடிப்பாக இருக்கலாம், யாராவது மிதித்ததாக இருக்கலாம், உள்பின்னல் அறுந்ததாகவும் இருக்கலாம். வெறும் மடிப்பு என்றால் ஒரு வாரம் நேராகத் தொங்கவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகவில்லை என்றால் சொடுக்குவதை நிறுத்துங்கள். உள்ளே அறுந்த சாட்டையைச் சொடுக்கிக்கொண்டே இருந்தால் வெளிப்பின்னல் முழுச் சுமையையும் தாங்கி அதே இடத்தில் அறும். அப்போது பழுது இரண்டு மடங்கு.

கைப்பிடிக்குக் கீழே ஒரு சாணுக்குள் வரும் கீல் இன்னும் மோசம். கைப்பிடிக்குள் இருக்கும் எஃகுக் கம்பியின் முனை உடலைக் குத்தத் தொடங்கியிருக்கலாம். அங்கே விரலால் அழுத்தினால் கூர்மையாகத் தட்டுப்படும். இதை வீட்டில் சரிசெய்ய முடியாது.

நுனிவார் அறுந்தது

நல்லது, அது அறுந்தால் உடல் பிழைத்தது என்று அர்த்தம். முடிச்சுக்குப் பக்கத்தில் அறுந்ததா, நடுவிலா, முனையிலா என்று மட்டும் பாருங்கள். முனையில் என்றால் இரண்டு அங்குலம் வெட்டிவிட்டுக் குஞ்சத்தைத் திரும்பக் கட்டலாம். மற்ற இரண்டுக்கும் புது வார் வேண்டும்.

வாரின் தடித்த முனையில் ஒரு கீறல் இருக்கும். உடலின் கடைசிப் புரிகள் அதற்குள் நுழைந்து, ஒவ்வொன்றாக வாரைச் சுற்றி அரைமுடிச்சு போட்டு இறுகியிருக்கும். அவிழ்க்கும் முன் எல்லாப் பக்கமும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். புரிகள் காய்ந்திருந்தால் ஈரத்துணியை லேசாக ஒற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். காய்ந்த புரியை அப்படியே இழுத்தால் பட்டென்று அறும். மழுங்கிய ஊசியால் முடிச்சைத் தளர்த்தி, புது வாரை நுழைத்து, அதே வரிசையில் கட்டுங்கள். ஒவ்வொரு முறை கட்டும்போதும் புரியின் முனை கொஞ்சம் வீணாகும். அது போதாமல் போனால் உடலில் ஓர் அங்குலம் பின்னலைப் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதனால் வாரை அவசியம் வரும்போது மட்டும் மாற்றுங்கள்.

வெள்ளை நிற வார் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அது பெரும்பாலும் படிகாரம் இட்டுப் பதப்படுத்திக் கொழுப்பு ஏற்றிய மாட்டுத்தோல். படிகாரம் தண்ணீரில் கரைந்து வெளியேறிவிடும். ஈரப்புல்லில் தொடர்ந்து சொடுக்கினால் வார் மரக்குச்சி போல விறைத்துப் பிறகு வெடிக்கும். உங்கள் வார் ஒவ்வொரு மாதமும் அறுந்தால் முதலில் தரையைப் பாருங்கள்: ஈரமா, சரளையா, தார்ச்சாலையா? மூன்றுமே வாரைத் தின்னும்.

வெளிப்பின்னலில் ஒரு புரி அறுந்தது

உடனே நிறுத்துங்கள். சூப்பர் பசை வேண்டாம். அது தோலுக்குள் இறங்கிக் கண்ணாடி போல இறுகி, பக்கத்துப் புரியையும் வெட்டும். அறுந்த முனைகளை வெட்டி அழகுபடுத்தவும் வேண்டாம். மெல்லிய பருத்தி நூலால் அந்த இடத்தைச் சுற்றிக் கட்டிவைத்துப் பின்னுபவரிடம் அனுப்புங்கள். முனை நீளமாக இருந்தால் புதுப் புரியைச் சேர்த்துச் செருக அவரால் முடியும்.

கங்காரு தோல் இவ்வளவு மெல்லிய புரிகளாக வெட்டியும் தாங்குவதற்குக் காரணம், அதன் நார்கள் தோலின் பரப்புக்கு இணையாக ஓடுவது. மாட்டுத்தோலை அதே மெலிவுக்குச் சீவினால் வலிமை வெகுவாகக் குறைந்துவிடும். மாட்டுத்தோலில் மிக நுண்ணிய 16 புரிப் பின்னலைக் கண்டால் நான் வாங்கத் தயங்குவது இதனால்தான்.

பிசுபிசுப்பு, கனம், புரிகளுக்கு நடுவே இடைவெளி

எண்ணெய் மிஞ்சிவிட்டது. தோலுக்குப் பலர் பூசும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் (மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுப்பது) நல்ல பொருள்தான், ஆனால் திரவம். எல்லா அடுக்குக்கும் ஊறிப் போய் நார்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும்படி செய்துவிடும். புரி நீளும், பின்னல் தளரும், சாட்டை ஈரத்துணி போலத் தொங்கும். சமையல் எண்ணெய் என்றால் இதோடு சிக்கு வாடையும் சேரும்.

முழுமையாக மீட்க வழியில்லை, ஓரளவு மீட்கலாம். உறிஞ்சும் வெள்ளைத் தாளையோ பழைய பருத்தித் துணியையோ உடல் முழுதும் சுற்றி, நிழலில் நேராகத் தொங்கவிடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள். சில வாரங்கள் ஆகும். மாவு, சுண்ணப்பொடி தூவாதீர்கள், பின்னலுக்குள் போனால் வெளியே வராது. வெயிலில் வைத்தால் எண்ணெய் இன்னும் உள்ளேதான் இறங்கும்.

இனிமேல் தேன்மெழுகு கலந்த கெட்டியான பசையை விரல் நுனியில் எடுத்து, உள்ளங்கையில் சூடாகத் தேய்த்து, உடலில் மெல்லியதாகப் பூசுங்கள். அடிக்கடி சொடுக்கும் சாட்டைக்கு ஆண்டுக்கு இரண்டு முறை. சுவரில் தொங்கும் சாட்டைக்கு அதுவும் அதிகம். நுனிவாருக்கு மட்டும் தாராளமாகப் பூசலாம்.

மேலே வெள்ளையாகப் படிந்திருக்கிறது

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. தோலில் இருக்கும் கொழுப்பு மேலே வந்து உறைந்திருக்கலாம், பூஞ்சணமாக இருக்கலாம், பின்னும்போது புரிகளை வழுக்கவைக்கப் பூசிய கொழுப்புச் சோப்பின் மிச்சமாக இருக்கலாம். கடைசியது புதுச் சாட்டையில் புரிகளின் இடுக்கில் மட்டும் தெரியும். பழைய பல்துலக்கியால் தட்டினால் போய்விடும்.

மற்ற இரண்டையும் பிரித்தறிய முடி உலர்த்தியை மிகக் குறைந்த சூட்டில், ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கள். கொழுப்பு என்றால் உருகி மறையும். பூஞ்சணம் அப்படியே இருக்கும், முகர்ந்தால் பூட்டிய அறை வாடையும் வரும். கொழுப்பு என்றால் துணியால் துடைத்தால் போதும். பூஞ்சணம் என்றால் சாட்டையை வெளியே கொண்டுபோய், முகமூடி கட்டிக்கொண்டு, மென்தூரிகையால் துடைத்து, காற்றோட்டமான நிழலில் இரண்டு நாள் விடுங்கள். அதோடு வைத்திருந்த இடத்தையும் மாற்றுங்கள். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் தோலுக்கு நல்லது. 65 தாண்டினால் பூஞ்சணம் வரும். பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி வைப்பது அதற்கு விருந்து வைப்பது மாதிரி.

கையில் செம்பொடி ஒட்டுகிறது

பழைய சாட்டை சேகரிப்பவர்கள் ஒரு நாள் இதைச் சந்திப்பார்கள். தாவரச் சாற்றில் பதனிட்ட தோல், மாசுபட்ட காற்றின் கந்தகத்தை உறிஞ்சி உள்ளே அமிலமாகி, நார்களே பொடிந்து உதிரும் நிலை இது. திரும்பாது. எண்ணெய் போட்டால் கறுத்து, இன்னும் விரைவாக உடையும். ஹைட்ராக்ஸிபுரொப்பைல் செல்லுலோஸ் என்ற இறுக்கும் பொருளை ஆல்கஹாலில் கரைத்துப் பூசிப் பொடியை இறுக்குவார்கள். தண்ணீர் கலந்த எதையும் பூசக் கூடாது. இந்தச் சாட்டையைச் சொடுக்கவே வேண்டாம். தளர்வான பெரிய வளையமாகச் சுருட்டி, அமிலமற்ற தாள் விரித்த பெட்டியில் படுக்க வையுங்கள்.

பச்சைப் பிசின், கரும்புள்ளி, சிறு துளைகள்

பித்தளை ஆணியையோ பூணையோ சுற்றிப் பச்சையாக மெழுகு போல இருந்தால் அது களிம்பு. தோலில் இருக்கும் கொழுப்பும் செம்பும் சேர்ந்து உண்டாவது. மரப் பல்குச்சியால் சுரண்டித் துணியால் துடைத்தால் வந்துவிடும். உலோகம் மினுக்கும் திரவத்தை அங்கே ஊற்றாதீர்கள், தோலில் ஊறிவிடும். கொழுப்புப் பசையை உலோகத்தின் பக்கம் பூசுவதைக் குறைத்தால் மறுபடி வருவது தாமதமாகும்.

கைப்பிடிப் பின்னலில் கருநீலப் புள்ளிகள் தெரிந்தால், உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து, இரும்பு தோலின் டானினோடு (பதனிடும் தாவரச் சாற்றில் இருக்கும் துவர்ப்புப் பொருள்) சேர்ந்து மை போல ஆகியிருக்கிறது. கறை போகாது. ஈரம் உள்ளே போன வழியைக் கண்டுபிடித்து நிறுத்துங்கள். பெரும்பாலும் அது வியர்வைக் கைதான்.

ஊசித்துளைகளும் அவற்றின் கீழே தூளும் இருந்தால் தோல் தின்னும் வண்டு. அந்தச் சாட்டையை உடனே மற்றவற்றிலிருந்து பிரியுங்கள். காற்றுப் புகாத பையில் இட்டு, மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் வெளியே விடுங்கள். இல்லாவிட்டால் நீர்த்துளி நேராகத் தோலில் படியும்.

ஸ்டாக்விப்பில் இணைப்பு ஆடுகிறது

ஸ்டாக்விப்பில் கைப்பிடியும் உடலும் தனித்தனி. இரண்டிலும் இருக்கும் தோல் காதுகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும். கொஞ்சம் ஆடுவது அதன் இயல்பு. காதின் உள்பக்கம் மெலிந்து பளபளவென்று தேய்ந்திருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். அங்கே மாதம் ஒருமுறை துளி கெட்டிக் கொழுப்புப் பூசினால் உராய்வு குறையும். காது பாதி மெலிந்துவிட்டால் மாற்றச் சொல்லுங்கள். வீசும்போது காது விட்டால் முழு உடலும் தனியாகப் பறக்கும்.

ஸ்நேக்விப்பின் மடிப்பில் சாம்பல் நிறக் கறை

சில ஸ்நேக்விப்புகளில் எடைக்காக உள்ளே ஈயக்குண்டுகள் நிரப்பியிருப்பார்கள். உள்ளுறை கிழிந்தால் சாம்பல் தூளோ சிறு குண்டோ பின்னல் வழியாக வெளியே வரும். ஈயம் நஞ்சு. தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், குழந்தைகள் எட்டாத இடத்தில் வையுங்கள். சாட்டையை மூடிய பையில் இட்டு, உள்ளே ஈயம் இருப்பதை வெளியே எழுதி ஒட்டிப் பழுதுபார்ப்பவருக்கு அனுப்புங்கள். அவர் பிரிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டும்.

அனுப்பும் எந்தச் சாட்டையோடும் ஒரு சீட்டு வையுங்கள். என்ன தோல், எத்தனை புரி, கடைசியாக என்ன பூசினீர்கள், கோளாறு எப்போது முதலில் தெரிந்தது. நீளத்தை எழுதும்போது புல்விப்பைக் கைப்பிடியின் அடியிலிருந்து உடலின் முடிவு வரையும், ஸ்டாக்விப்பைக் கைப்பிடியை விட்டு உடலை மட்டும் அளந்து எழுதுங்கள். நுனிவாரும் குஞ்சமும் இரண்டு கணக்கிலும் சேராது.